குறுங்கற்றைச் செயற்கைக்கோள் சேவை: ஓராண்டு அனுபவம்

பெரும் நிலப்பரப்பை ஒரே கற்றையால் மூடும் அகன்ற கற்றையை விட்டு, சிறு சிறு பகுதிகளுக்குத் தனித்தனிக் கற்றை அனுப்பும் குறுங்கற்றைச் (spot beam) சேவைக்கு எங்கள் நிலையங்களை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே அதிர்வெண்ணைத் தள்ளியிருக்கும் கற்றைகளில் மீண்டும் பயன்படுத்துவதால் தரவு அனுப்பும் கொள்ளளவு கூடுகிறது, ஆற்றல் குவிவதால் சிறிய ஆன்டெனாவே போதுமானதாகிறது. ஆனால் கற்றையின் ஓரத்தில் இருந்த நிலையத்துக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு வாங்கிய அதே 75 செ.மீ. ஆன்டெனாவைப் பொருத்தினோம், சமிக்ஞை வலிமையைக் காட்டும் கற்றை வரைபடத்தில் 3 டெசிபல் குறைவு என்றிருந்தால் சமிக்ஞைத் திறன் பாதியாகிவிட்டது என்று பொருள் என்பதை விற்பனையாளர் வாய் திறந்து சொல்லவே இல்லை (நானும் கேட்கவில்லை என்பது வேறு). மழையால் சமிக்ஞை வலுவிழக்கும் கேயு (Ku) அதிர்வெண் பட்டை என்பதால் கனமழை பெய்யும்போதெல்லாம் அந்த ஒரு நிலையம் மட்டும் துண்டிக்கப்பட்டது, 1.2 மீட்டர் ஆன்டெனாவுக்கு மாற்றி ஏறத்தாழ 4 டெசிபல் ஈட்டிய பிறகே சீரானது. ஒரே ஒளிபரப்பைச் சிதறிக் கிடக்கும் எல்லா நிலையங்களுக்கும் அனுப்புவதற்கு இச்சேவை ஏற்றதல்ல, ஏனெனில் ஒவ்வொரு கற்றையிலும் தனித்தனியே கொள்ளளவு வாங்க வேண்டியிருக்கிறது.