இலை போடும் முன்பே சொல்லிவிடுங்கள்

எடைக் குறைப்பு ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது, "அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவது?" என்று கவலைப்படுகிறார்கள். கொங்கு நாட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். கொள்ளு, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, முட்டை, நாட்டுக்கோழி, கெட்டித் தயிர் என்று நமக்கு வேண்டிய புரதம் எல்லா வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. கஷ்டமெல்லாம் அளவில்தான். சிங்கப்பூரில் என் தட்டில் நானே போட்டுக்கொள்கிறேன். கோபிச்செட்டிபாளையத்தில் அந்தக் கரண்டி வேறொருவர் கையில் இருக்கிறது.

எனக்குச் செய்தது இரைப்பை பைபாஸ். இரைப்பையில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் பிரித்து, அதை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். வருஷங்கள் பல ஓடிவிட்டன. முதல் வருஷம் ஊருக்கு வந்தபோது யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. நாலு வாய் போனதும் வயிறே கதவைச் சாத்திவிடும். இப்போது அப்படி இல்லை. பைபாஸில் விட்டுவைக்கும் இரைப்பை ஆரம்பத்தில் ஏறத்தாழ 30 மில்லிதான் கொள்ளும். போகப் போக ஒரு கப் வரைக்கும் வாங்கிக்கொள்கிறது. ஸ்லீவ் என்கிற இன்னொரு வகை ஆப்பரேஷன் செய்தவர்களுக்கு இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். அவர்களுக்கும் நாளடைவில் கொள்ளளவு கூடுகிறது, பசியும் திரும்புகிறது. இரண்டு வருஷம் தாண்டியபின் பலருக்கு எடை கொஞ்சம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நாம் குணமாகிவிட்டவர்கள். "இப்பத்தான் நல்லாச் சாப்புடறயே கண்ணு, இன்னொரு கரண்டி வாங்கிக்க" என்று பெரியம்மா சொல்வது பிரியத்தில்தான். அந்த இன்னொரு கரண்டியை வயிறு இப்போது தடுக்காது என்பதுதான் ஆபத்து.

ஓட்டல்களைச் சொல்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு எங்கும் பலகையில் "அளவு சாப்பாடு" என்று பார்த்ததும் நமக்கானது என்று நினைக்கத் தோன்றும். அந்த அளவும் நமக்கு இரண்டு மூன்று வேளைக்கு வரும், அதில் பெரும்பகுதி சோறு. மினி மீல்ஸ் என்பது சின்னச் சின்னக் கிண்ணங்களில் சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு இனிப்பு. புரதம் தேடினாலும் கிடைக்காது. எனக்குத் தோதாக இருந்தது டிபன் நேரம்தான். ஒரே ஒரு இட்லி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு கப் தயிரோ சுண்டலோ, அசைவக் கடையானால் ஆம்லெட்டோ வாங்கிக்கொள்ளலாம். காபியை மட்டும் அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீரும் காபியும் உள்ளே போனால் சோறு சீக்கிரம் இறங்கி, மறுபடி பசிக்கும்.

ஈரோட்டில் ஒரு மெஸ்ஸில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கல்லாவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. உட்காருவதற்கு முன்பே அவரிடம் போய், "அக்கா, எனக்கு வயித்துல ஆப்பரேஷன் ஆயிருக்குதுங்க. ஒரு கரண்டி சோறு போதும். பருப்பும் முட்டையும் மட்டும் சேத்தி வெக்கச் சொல்லுங்க. முழுச் சாப்பாட்டுக்கே காசு வாங்கிக்குங்க" என்றேன். "காசு கெடக்குது அம்மிணி, நீங்க உக்காருங்க" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "தம்பி, செவுத்தோரத்து அம்மிணிக்குக் கேக்காம எதையும் வெக்காத!" பையன் முதலில் கொள்ளுப்பருப்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்தான், பின்னால் அவித்த முட்டை, கடைசியில் ஒரு கரண்டி சோறு. சாம்பார் வாளியோடு வரிசையாக வந்தவன் என் இலைக்கு நேரே கரண்டியைத் தூக்கி, ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியே அடுத்த இலைக்கு நகர்ந்தான். எத்தனையோ பெரிய ஓட்டல்களில் கிடைக்காத மரியாதை அது. ஒன்று மட்டும்: ஒரு மணிக்குப் போனால் நம் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த ஆள் நிற்பார். இருபது, முப்பது நிமிஷம் மென்று சாப்பிட வேண்டிய நமக்கு அது சரிப்படாது. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், இல்லாவிட்டால் கூட்டம் கலைந்தபிறகு.

கல்யாணப் பந்தியிலும் இதே வழிதான். மாப்பிள்ளை வீட்டில் சமையல் பொறுப்பெடுத்திருந்தவரிடம் சித்தப்பா முந்தைய நாளே சொல்லி வைத்துவிட்டார். எனக்கு ஓரத்து இலை. உபசரிக்க வரும் சொந்தங்களிடம் "போதும்" என்றால் கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்புட்டோடு வந்த அத்தையிடம், "இனிப்புச் சாப்புட்டா மயக்கம் வந்துருமுங்க அத்தை" என்றேன். அவ்வளவுதான், அடுத்த பேச்சில்லை. அது சாக்கும் அல்ல. பைபாஸ் ஆனவர்களுக்குச் சர்க்கரை வேகமாகச் சிறுகுடலுக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் வரலாம். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றிய சந்தகையும் இதே கணக்கில்தான் சேரும்.

பந்தியைவிட நான் பயப்படுவது சாயங்காலத்தை. யார் வீட்டுக்குப் போனாலும் முறுக்கும் மிக்சரும் வந்துவிடும். அவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போவதால் வயிறு நிறைந்த உணர்வே வராது. முட்டை ஒன்றில் நிற்கிற பசி, ஒரு தட்டு மிக்சரில் நிற்காது.

ஊருக்கு வந்தால் ரத்தப் பரிசோதனையைச் செலவு குறைவாக முடித்துக்கொள்ளலாம் என்று பலரும் வருகிறோம். கோவையில் ஓர் இடத்தில் முழு உடல் பரிசோதனைக்குப் போனேன். வைட்டமின் பி12, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் டி எதுவும் அந்தப் பேக்கேஜில் இல்லை. நமக்கு ஆயுசுக்கும் பார்க்க வேண்டியவையே அவைதான். அதைவிட வருத்தம், சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கையில் கொடுத்தது. பைபாஸ் ஆனவர்களுக்கு அது ஆகாது என்று சொன்னேன். "எல்லாரும் குடிக்கறாங்க மேடம்" என்றார்கள். டாக்டரைக் கூப்பிட்டுப் பேசிய பிறகே விட்டார்கள். விவரம் தெரியாத ஒரு வயதானவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் குடித்திருப்பார். அதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. வேறொரு லேபில் நான் கேட்ட பரிசோதனைகளை மட்டும் எடுத்தார்கள். ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார், ரிப்போர்ட் அன்று மாலையே செல்லுக்கு வந்தது.

மருந்துக் கடையில் கால்சியம் என்றால் பெரும்பாலும் கார்பனேட்தான் எடுத்துத் தருகிறார்கள். சிட்ரேட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் அமிலம் குறைந்த நமக்கு அதுதான் நன்றாகச் சேரும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். முட்டிவலி என்று போனால் டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரையைச் சாதாரணமாகக் கொடுத்துவிடுவார்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு இணைப்பில் புண் வரலாம், வாங்காதீர்கள்.

இந்தப் பயணத்தில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது கோவையில் ஓர் உணவு ஆலோசகர். சிங்கப்பூரில் கொடுத்த அட்டவணையில் ஓட்ஸும் டோஃபுவும்தான் இருந்தன. இந்தப் பெண் அதை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க வீட்ல காபி குடிக்கற டபரா இருக்குதுங்களா? அதுதான் உங்க அளவு" என்றார். டபராவில் பாதிக்கு மேல் பச்சைப்பயறுக் கடைசலோ கோழியோ முட்டையோ, அடுத்தது காய், மிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் அரிசிம்பருப்பு. சாப்பிடுவதும் அதே வரிசையில். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதத்துக்குக் குறையாமல் வருகிறதா என்பதை என் எதிரிலேயே கூட்டிக் காட்டினார். பெரியம்மாவும் கூட வந்திருந்தார். அளவு கண்ணுக்குத் தெரிந்ததும் அவருக்கும் பிடிபட்டுவிட்டது. மறுநாளிலிருந்து டபராவைத் தானே நிரப்பிக் கையில் கொடுத்தார், மேலே கேட்கவில்லை.

கிளம்புமுன் இதை மட்டும் செய்துகொள்ளுங்கள். என்ன ஆப்பரேஷன், எந்த வருஷம், குளுக்கோஸ் கரைசல் கூடாது, எந்த வலி மாத்திரைகள் கூடாது, தினம் போடும் மாத்திரைகள் எவை என்று ஒரே தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, நாலு நகல் எடுத்து வையுங்கள். லேபில் ஒன்று, டாக்டரிடம் ஒன்று, மருந்துக் கடையில் ஒன்று. இன்னொன்று வீட்டுப் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.