மாதச் சந்தா சேனலுக்கு மேனேஜ்மென்ட் ஏஜென்சி: சில மாம்பழ சீசன்களுக்குப் பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தோப்புப் பராமரிப்பை யூடியூபில் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். பொதுவான வீடியோக்கள் எல்லாருக்கும் இலவசம். கவாத்து, பூ எடுக்கும் நேரத்து மருந்தடிப்பு, ஒட்டுக்கட்டுவது போன்ற விரிவான பாடங்களும் ஞாயிறு மாலை நேரலைக் கேள்வி பதிலும் மாதச் சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கு மட்டும். உறுப்பினர் பகுதி வளர்ந்த பிறகு, தோப்பையும் பார்த்துக்கொண்டு அதையும் கவனிக்க ஆள் பற்றவில்லை. ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். சில சீசன்களாக அவர்களோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயரைப் போடவில்லை, போட்டால் விளம்பரமாகிவிடும். எப்படித் தேர்ந்தெடுத்தேன், இத்தனை நாளில் எது தேறியது, எது தேறவில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் கையில் எத்தனை பிரபலங்கள் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எதற்கும் உதவாது. சந்தாப் பணம் முதலில் யார் வங்கிக் கணக்குக்கு வருகிறது என்று கேளுங்கள். உங்கள் கணக்குக்கு வந்து, அதிலிருந்து நீங்கள் கமிஷன் அனுப்புவதாக இருந்தால் மேலே பேசலாம். அவர்கள் கணக்குக்குப் போய், பிடித்தம் போக மிச்சம் உங்களுக்கு வரும் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. பல சேனல்களைத் தன் கீழ் சேர்த்து நடத்தும் ஒரு நெட்வொர்க்கோடு சேனலை இணைத்துவிட்டால், அதன் வருமானம் அந்த நெட்வொர்க்கின் ஆட்சென்ஸ் (யூடியூப் வருமானத்தை கூகுள் போடும்) கணக்கு வழியாகத்தான் உங்களுக்கு வரும். அவர்கள் தாமதித்தால் நீங்கள் காத்திருக்க வேண்டும். கணக்கு காட்டாவிட்டால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சேனல் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஆனால் கல்லாப்பெட்டி அவர்களிடம். நான் பேசிப் பார்த்த ஏஜென்சிகளில் ஒன்று இதைத்தான் ‘முழு நிர்வாகம்’ என்று விற்றது. இணைக்காமல் வேலை செய்ய முடியாதா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். வணக்கம் சொல்லிவிட்டேன்.

அடுத்தது கமிஷன். எல்லாரும் 20 சதவீதம், 25 சதவீதம் என்று எண்ணைத்தான் சொல்கிறார்கள். எதில் 20 சதவீதம் என்பதைச் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். வரியும் இதர பிடித்தங்களும் போக உறுப்பினர் கட்டியது 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூடியூப் அதில் 70 ரூபாயை நமக்குத் தருகிறது. ஏஜென்சிக்கு நம் கைக்கு வந்த 70-ல் 20 சதவீதம் என்றால் 14 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 16 ரூபாய் 52 காசு. நமக்கு 53 ரூபாய் 48 காசு நிற்கும். அதே 20 சதவீதத்தை அந்த 100 ரூபாயில் கணக்கிட்டால் 20 ரூபாய், ஜிஎஸ்டியோடு 23 ரூபாய் 60 காசு. நமக்கு 46 ரூபாய் 40 காசுதான். எண் ஒன்றுதான், கைக்கு வருவதில் நூற்றுக்கு ஏழு ரூபாய் வித்தியாசம். வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு ஆள் சம்பளம் போய்விடும். ஒப்பந்தத்தில் ‘படைப்பாளியின் கணக்கில் வரவான தொகையில்’ என்று எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்காக நான் நிறைய நேரம் பேசினேன், கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

பாலக்கோட்டில் தக்காளி சாகுபடி சேனல் நடத்தும் ஒரு தம்பி போன மாதம் போன் செய்தார். “அண்ணா, ஒரு லட்சம் அட்வான்ஸ் தர்றாங்களாம். மூணு வருஷ ஒப்பந்தம். கையெழுத்துப் போடட்டுமா?” என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நம் பக்கத்தில் மா பூ எடுக்கும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்துத் தோப்பைப் பேசிவிடுவார். காய் இறங்கும்போது விலை ஏறினாலும் அது நமக்கு இல்லை. ஏஜென்சி அட்வான்ஸும் அப்படித்தான். அது அன்பளிப்பு இல்லை, வரப்போகும் வருமானத்தில் பிடித்துக்கொள்ளும் பணம். திருப்பி அடையும் வரை வெளியே போக முடியாது என்று ஒரு வரி எங்கேயாவது இருக்கும். தம்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் அது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் வரும். தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். நான் பழையபேட்டையில் தெரிந்த வக்கீலிடம் கொண்டுபோய், ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் பென்சிலால் கோடு போட்ட இடங்களில் முதலாவது, பாடங்களின் உரிமை. ‘உலகம் முழுவதும், நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் கவனமாக அந்த இரண்டு வார்த்தைகளையும் போடுகிறார்கள். அதை அடித்துவிட்டு, ஒப்பந்தம் நடக்கும் வரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்று மாற்றினோம்.

இரண்டாவது, விலகிய பிறகு இரண்டு வருடம் வேறு ஏஜென்சியோடும் சேரக்கூடாது, சொந்தமாகவும் நடத்தக்கூடாது என்ற நிபந்தனை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைக்கு இது நன்றாகவே பொருந்தும். “செல்லாதுன்னா விட்டுடலாமே சார்?” என்று கேட்டேன். “செல்லாதுன்னு நிரூபிக்க நீங்கதான மும்பைக்கு அலையணும்?” என்றார். வழக்கு நடக்கும் இடம் மும்பை என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அதையும் கிருஷ்ணகிரி என்று மாற்றக் கேட்டோம். பெங்களூரில் வந்து நின்றது. சரி, பஸ் ஏறினால் ஓசூர் தாண்டி அந்தப் பக்கம்தானே என்று விட்டுவிட்டேன். முப்பது நாள் முன்னறிவிப்பில் எந்தத் தரப்பும் விலகலாம் என்பது மட்டும் விட்டுக்கொடுக்காத வரி.

ஆள் உண்மையானவரா என்று பார்க்கச் செலவே இல்லை. கம்பெனி பதிவு விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் எப்போது பதிவு செய்தார்கள், இப்போது நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறார்களா என்பது தெரியும். பத்து வருட அனுபவம் என்று பேசுகிறவரின் ஜிஎஸ்டி பதிவு போன வருடத்தது என்றால் ஏன் என்று கேட்கலாம். அப்புறம், அவர்களை விட்டு விலகிய இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள். இப்போது கூட இருப்பவர்கள் நல்லதாகத்தான் சொல்வார்கள். கடைசி மாதப் பணம் வந்ததா, சேனலைச் சண்டையில்லாமல் விட்டார்களா என்று விலகியவர்தான் சொல்ல முடியும்.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் செட்டிங்ஸில் பர்மிஷன்ஸ் என்ற இடத்தில் அவர்கள் மின்னஞ்சலைச் சேர்த்து, எந்த அளவு அனுமதி என்று தேர்வு செய்யலாம். மேனேஜர் என்று கொடுத்தால் அவர்களே வேறு ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும், அது வேண்டாம். ‘எடிட்டர் லிமிடெட்’ போதும். வீடியோ ஏற்றலாம், திருத்தலாம், வருமானம் கண்ணில் படாது. வருமான அறிக்கையை மாதாமாதம் நானே இறக்கி அனுப்புகிறேன். ஏஜென்சி என்ற பெயரில் முதல் மின்னஞ்சலிலேயே ஜிப் ஃபைலில் ‘ஒப்பந்தம்’ வந்தால் திறக்காதீர்கள். அதைத் திறந்து சேனலையே பறிகொடுத்தவர்கள் நிறைய. பிரவுசரில் நாம் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தடயத்தையே திருடிக்கொண்டு போய்விடுவார்கள். இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் அது தடுக்காது.

யூடியூப் வருமானத்துக்காகக் கேட்கப்படும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பித் தருவதாகத் தனிக் கட்டணம் கேட்பவர்களும் உண்டு. ஆட்சென்ஸில் நாமே நிரப்பலாம், காசில்லை. நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்க இடமிருக்கிறது. பான் எண்ணோடு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டு நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பகுதியில் மட்டும் 15 சதவீதம்.

இனி, இத்தனை நாளில் இந்த ஏஜென்சி என்ன செய்தது? மனசாரச் சொல்கிறேன், ஒரு விஷயத்துக்காகவே கொடுத்த கமிஷன் தகும். பாடங்களுக்குத் தெலுங்கு ஒலித்தடம் சேர்க்கலாம் என்று யோசனை சொன்னது அவர்கள்தான். எல்லை தாண்டினால் சித்தூர் மாவட்டம். அங்கேயும் இதே பெங்களூரா மா, இதே மாம்பழக் கூழ்த் தொழிற்சாலைகள், இதே பிரச்சினைகள். குரல் கொடுக்க ஆளைத் தேடி, நான் சொல்லும் தோட்டத்து வார்த்தைகளுக்குச் சித்தூர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். உறுப்பினர்களில் கணிசமானவர்கள் இப்போது அந்தப் பக்கத்து விவசாயிகள். 2025 சீசனில் பெங்களூரா விலை விழுந்தபோது தோப்பு வருமானம் கையைக் கடித்தது. வீட்டுச் செலவைத் தாங்கியது இந்தச் சந்தாதான்.

உறுப்பினர் பாடங்களை டெலிகிராம் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள் என்ற தொல்லையையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தேடிப் பிடித்து, புகார் கொடுத்து, நீக்கும் வரை விடுவதில்லை. சந்தா அறுந்துபோகிறவர்களையும் கவனிக்கிறார்கள். பல பேர் வேண்டாம் என்று போவதில்லை. கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது மாதாமாதம் தானாகப் பணம் போக வங்கியில் கொடுத்த அனுமதி ரத்தாகியிருக்கும். சேனலில் ஒரு நினைவூட்டல் போட்டாலே திரும்பி வருகிறார்கள்.

தேறாதது இரண்டு. ஒன்று, கேள்விகளுக்குப் பதில். ஆரம்பத்தில் ஏஜென்சிப் பையன் ஒருவர் என் பெயரில் பதில் போட்டுக்கொண்டிருந்தார். தேனியிலிருந்து ஒரு பெரியவர், மா இலையெல்லாம் கரி பூசினாற்போல் கறுத்துவிட்டது என்று படம் அனுப்பியிருந்தார். பையன் பூஞ்சண மருந்தின் பெயரைப் போட்டுவிட்டார். அது தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி விடும் தேன் போன்ற கழிவின் மேல் படரும் கரும்பூசணம். பூச்சியை விட்டுவிட்டுப் பூஞ்சணத்துக்கு அடித்தால் மருந்துக் காசுதான் வீண். நல்லவேளை, அன்றே பார்த்துப் பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சந்தா கட்டுகிறவர் என் பதிலுக்குத்தான் கட்டுகிறார். அந்த மாதமே, உறுப்பினர் கேள்விகளுக்கு நான் மட்டுமே பதில் சொல்வேன் என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று விளம்பரங்கள். வளர்ச்சி டானிக், பூ நிற்க ஸ்பிரே என்று எதையாவது கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். அதிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்பதால் வற்புறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. என் தோப்பில் ஒரு சீசன் அடித்துப் பார்க்காத எதையும் நான் சொல்வதில்லை. காசு வாங்கிச் சொன்னால் விளம்பரம் என்று தெரியும்படி போட வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அதைச் சின்ன எழுத்தில் ஒளிக்கலாமா என்று கேட்கும் ஏஜென்சி உங்களையும் ஒருநாள் அப்படியே ஒளிக்கும். விளம்பரப் பணம் மட்டும் அவர்கள் வழியாக வருவதால், அவர்கள் பிடித்த வரி (டிடிஎஸ்) என் பான் எண்ணுக்கு எதிரே ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறேன். இதுவரை ஒழுங்காக ஏறியிருக்கிறது.

சேனல் சின்னதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 500 சப்ஸ்கிரைபரிலிருந்தே, மற்ற தகுதிகளும் இருந்தால், மெம்பர்ஷிப் திறக்க யூடியூப் விடுகிறது. அதற்கு ஏஜென்சி தேவையில்லை. உள்ளூரில் எடிட்டிங் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மாதச் சம்பளம் கொடுத்தாலே வேலை ஓடும். கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரமில்லை என்ற கட்டம் வரும்போது ஏஜென்சியைத் தேடினால் போதும்.

என் ஒப்பந்தம் அடுத்த பூ எடுப்புக்கு முன்னால் முடிகிறது. சந்தா நிர்வாகத்தை அவர்களிடமே புதுப்பிக்கிறேன். விளம்பரங்களை அதிலிருந்து எடுத்துவிட்டு நானே பார்த்துக்கொள்ளப் போகிறேன். கமிஷன் அதே அளவில் நிற்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறேன்.