தீப்பெட்டி லேபிளும் திங்கட்கிழமை ஏலமும்: இபேயில் என் 12 வருஷம்

குடியாத்தத்தில் நான் வளர்ந்த தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி வேலை நடந்தது. கம்பெனியிலிருந்து அட்டையும் லேபிளும் வரும். அம்மாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்து டப்பி ஒட்டுவோம். கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸ் என்றால் 144 டப்பி. அப்பா கம்பெனியிலேயே வேலை செய்தார். நின்றுபோன மார்க்குகளின் ஒட்டாத லேபிள்களைச் சணல் கயிற்றால் கட்டி ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். பழைய பேப்பர் கடை பாய் எடை போட வந்தவர், "இன்னாம்மா இது, கலர் கலரா கீது? இதையெல்லாம் காசு குடுத்து வாங்குறவங்க இருக்காங்களாம், போடாதம்மா" என்று சொல்லிவிட்டு மற்ற காகிதத்தை மட்டும் எடுத்துப் போனார். அந்த பாய்க்கு இன்றும் நான் நன்றி சொல்கிறேன்.

2013-ல், இணையத்தில் யாரும் பொருள் விற்கக்கூடிய இபேயின் இந்தியத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். யானை, மயில், தாமரை என்று 40 லேபிள்களைப் போட்டேன். மற்றவர்கள் 500 ரூபாய், 800 ரூபாய் என்று போட்டிருந்ததைப் பார்த்து நானும் அப்படியே வைத்தேன். ஒரு மாதத்தில் ஒன்றுகூடப் போகவில்லை. காரணம் அப்புறம்தான் புரிந்தது. நான் பார்த்தது விற்காமல் கிடக்கும் சரக்கின் விலை. தேடல் பக்கத்தில் 'விற்றவை' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டினால் கடந்த 90 நாளில் உண்மையில் கைமாறிய விலை பச்சை நிறத்தில் வரும். 800 கேட்ட அதே மாதிரி லேபிள் 60 ரூபாய்க்குப் போயிருந்தது. புதிதாக வருகிற யாராக இருந்தாலும் முதல் வாரம் எதையும் விற்காமல் அந்தப் பச்சை எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள் என்றுதான் சொல்வேன். இப்போது விற்பனையாளர் பக்கத்திலேயே டெராபீக் என்ற கருவி இருக்கிறது, 3 வருஷ விற்பனை வரை காட்டும்.

விலையைத் தாண்டி, நன்றாக விற்கும் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனித்தேன். ஒருவர் இங்கிலாந்தில் தீப்பெட்டி லேபிள் மட்டும் விற்பவர். இன்னொருவர் கோயம்புத்தூரில் தபால்தலை விற்பவர். மூன்றாமவர் அமெரிக்காவில் பழைய அஞ்சலட்டை விற்பவர். மூவரிடமும் பொதுவாகக் கண்ட ஒன்று என் வியாபாரத்தையே மாற்றியது. அவர்கள் பொருளின் குறையை முதல் வரியிலேயே எழுதுகிறார்கள்.

இங்கிலாந்துக்காரர் ஒரு லேபிளுக்கு நான்கு படம் போடுவார். முன்பக்கம், பின்பக்கம், ஒரு மூலை நெருக்கமாக, நான்காவது வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தது. அந்த நான்காவது படத்தில் காகிதம் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே பூச்சி அரித்திருக்கிறது என்று ஊசிமுனை அளவுக்குத் தெரியும். நானும் காலை 8 மணிக்கு வடக்கு ஜன்னலருகே ஒரு லேபிளைத் தூக்கிப் பிடித்தேன். அதுவரை புத்தம் புதிது என்று நான் நினைத்திருந்த மயிலின் கழுத்துக்குக் குறுக்கே சணல் கயிறு அழுத்திய தடம் வெள்ளைக் கோடாக ஓடியது. அதே கட்டில் இன்னொன்றை அதற்கு முந்தின வாரம்தான் 'குறையில்லாதது' என்று எழுதி விற்றிருந்தேன். வாங்கியவர் சண்டை போடவில்லை, நடுநிலை மதிப்பீடு போட்டு "கோடு இருப்பதைச் சொல்லியிருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வரி இன்னும் மனதில் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. நல்ல வியாபாரி, வாங்க வந்தவர் கேட்பதற்கு முன்பே மாட்டின் வாயைத் திறந்து பல்லைக் காட்டிவிடுவார். குளம்பில் புண் இருந்தால் அதையும் காட்டுவார். அப்புறம் துண்டுக்குள் கை போகும், விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. இபே ஏலமும் அப்படித்தான். கேட்பவர் தன் உச்ச விலையைப் போட்டுவிடுவார், அது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருவர் 10 டாலர் வரை, இன்னொருவர் 6 டாலர் வரை என்று போட்டிருந்தால் விலை 6.50-ல் நிற்கும். அந்த விலையில் ஏலம் ஏறும் ஒரு படி 50 சென்ட். ஆக விலையை ஏற்றுவது இரண்டாவது ஆள்தான். ஒரே ஒருவர் விரும்பும் பொருளை ஏலத்தில் விட்டால் ஆரம்ப விலைக்கே போய்விடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பதுபோல, பலரும் தேடும் யானை மார்க்கை 99 சென்டில் ஏலம் விடுகிறேன். யாரோ ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை தேடும் சிறிய கம்பெனி லேபிளுக்கு நிலையான விலை வைத்துக் காத்திருக்கிறேன்.

நேரமும் முக்கியம். 7 நாள் ஏலம், தொடங்கிய அதே மணிக்கு முடியும். கடைசி நொடிகளில்தான் பலர் விலை கேட்கிறார்கள், அப்போது அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். கோடையில் அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 6:30. அஞ்சலட்டைக்காரரின் ஏலங்கள் எல்லாம் அந்த நேரத்தை ஒட்டியே முடிவதைக் குறித்து வைத்துக்கொண்டேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்து நான் ஏலம் ஏற்றுவது அதனால்தான்.

தலைப்புக்கு 80 எழுத்து இடம். அதில் 'அபூர்வம்', 'பாருங்கள்' என்று வீணாக்காமல் தேடுபவர் தட்டும் சொற்களைப் போட வேண்டும்: மேட்ச்பாக்ஸ் லேபிள், இந்தியா, என்ன படம், எந்த ஊர். காலத்தைச் சொன்னால் எப்படித் தெரியும் என்பதையும் எழுதுவார் இங்கிலாந்துக்காரர். நானும் அப்படியே. தீப்பெட்டி 50 காசிலிருந்து 1 ரூபாயானது 2007-ல், 2 ரூபாயானது 2021 டிசம்பர் 1-ல். 50 காசு என்று அச்சிட்ட லேபிளைப் பற்றி இந்த ஒரு தகவலை எழுதிய பிறகு கேள்விகள் குறைந்தன, விலையும் கொஞ்சம் ஏறியது. ஆனால் கற்றுக்கொள்வது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. பிறர் எழுதியதையும் எடுத்த படத்தையும் தொடவே கூடாது.

2018 ஆகஸ்ட் 14-ல் இபே இந்தியா தளம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அமெரிக்கத் தளத்தில் விற்கிறேன். இபேயின் கட்டணம் தபால் செலவையும் சேர்த்த மொத்தத்தின் மீது போகிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல் முதல் மாதம் நஷ்டம்.

பேக்கிங்கில் பட்டதும் நிறைய. ஒரு கார்த்திகை மழையில் ஒரு கூரியர் வழி அனுப்பிய 30 லேபிள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் போய்ச் சேர்ந்தன. இப்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, இருபக்கமும் ஆம்பூர் ஷூ டப்பா அட்டையை வெட்டி வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டுகிறேன். அந்த அட்டை மடங்காது. கோயம்புத்தூர்காரரிடம் கேட்டபோது, "தங்கச்சி, பிரிக்கிறவர் கத்தி போடற இடத்துல சரக்கு இருக்கக்கூடாது" என்றார். அதனால் ஒரு ஓரத்தில் டேப்பை மடித்துப் பிடி விடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரி விலக்கு போனது. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-ல் அந்நாட்டுப் பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் 15-ல் மறுபடி தொடங்கியது. அந்த ஏழு வாரமும் நான் கவனித்த மூவரின் வழியைப் பின்பற்றினேன்: ஏலத்தை நிறுத்தாமல் ஐரோப்பாவுக்கு மட்டும் அனுப்புவதாக மாற்றி, நிலைமையை முதல் வரியில் எழுதினேன். யாரும் கோபப்படவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாலாஜாப்பேட்டையிலிருந்து ஒரு அண்ணன் ஆற்காடு வெள்ளி ரூபாய் கொண்டுவந்து வெளிநாட்டுக்கு விற்றுத் தரக் கேட்டார். 1972-ன் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேற்பட்ட நாணயத்தை நாம் ஏற்றுமதி செய்ய முடியாது. "வேணாம்ணே" என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். லேபிளிலும் அந்த வயதைத் தொடுபவை என் பெட்டியிலேயே இருக்கின்றன.

அடுத்த திங்கள் முடியும் ஏலத்தில் 11 லேபிள்கள் ஏற்றியிருக்கிறேன். இரண்டில் பின்பக்கம் பசைக் கறை. அந்தக் கறைப் படத்தைத்தான் இரண்டிலும் முதல் படமாகப் போட்டிருக்கிறேன், அதற்கே இதுவரை அதிகம் பேர் கண் வைத்திருக்கிறார்கள்.