சீனி இருந்தால் கால் விறைக்கும்தானே?

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற வெளிநாட்டுக்காரர் பலர் பல்லுக் கட்டுவது, கண்ணாடி மாற்றுவது என்று சில வைத்திய வேலைகளையும் சேர்த்தே வைத்துக்கொண்டு போவார்கள். நானும் பல் டொக்டரிடம் போகிற யோசனையோடுதான் லண்டனில் இருந்து வெளிக்கிட்டேன். போன இடத்தில் கால்விறைப்புக்காக லாப், டிஸ்பென்சரி, தனியார் ஆஸ்பத்திரி என்று மூன்று வாசல் ஏற வேண்டி வந்தது. நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுக்கிறவர்கள் எங்கள் சனத்தில் ஏராளம். முக்கியமாக அவர்களுக்காகவே விட்டமின் பி12 குறைபாடு பற்றி இதை எழுதுகிறேன்.

ஊருக்குப் போக முதலே எனக்குச் சில சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. கால்விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு உணர்வு. உள்ளங்காலுக்கும் நிலத்துக்கும் நடுவில் பஞ்சு வைத்தது போல இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சம்பல் வாயில் வைத்தால் நாக்கு எரியும். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து யாரும் பார்க்கவில்லை. கால்விறைப்பைப் பற்றி யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "சீனி இருந்தால் கால் விறைக்கும்தானே?" அது பொய்யும் இல்லை. நீரிழிவு கால் நரம்புகளைப் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. லண்டனில் வருடாவருடம் பாதத்தில் நைலோன் நூலால் தொட்டுப் பார்ப்பார்கள்; கடைசியாகப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. மூன்று மாதச் சராசரிச் சீனி அளவும் ஒழுங்காக இருந்தது. பொருத்தமான ஒரு காரணம் ஏற்கெனவே கையில் இருக்கும்போது, வேறு காரணத்தைத் தேடு என்று சொல்ல யாருக்கும் தோன்றாது.

ஆனால் இராத்திரியில் அந்தக் காரணம் எனக்குப் போதவில்லை. போர்வைக்குள் போனை வைத்துத் தேடினால் முள்ளந்தண்டுக் கட்டி, பக்கவாதம், பெயர் வாயில் நுழையாத நரம்பு வியாதிகள் எல்லாம் வரிசையாக வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். எங்கள் குடும்ப டொக்டரின் சேர்ஜரிக்குக் காலை எட்டு மணிக்குப் போன் எடுத்தால் அவசரமா என்று கேட்பார்கள். அவசரம் என்று சொல்ல வாய் வராது. இணைப்புக் கிடைக்கும்போது நான் வேலையில் நிற்பேன்.

ஊரில் எங்கள் வீடு மானிப்பாய்ப் பக்கம். அங்கே மாமி தனியாக இருக்கிறா. முதலில் கண்டுபிடித்தது அவதான். "பிள்ளை, உன்ரை செருப்பு ஒண்டு படியடியில கழண்டு கிடக்குது. நீ தெரியாமல் உள்ளுக்கு வந்திட்டாய்" என்றா. குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதை நான் உணரவே இல்லை.

அதற்குப் பிறகு கிணற்றடியில் ஒரு காலை, தலையில் தண்ணீர் வார்த்துச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு கண்ணை மூடினேன். உடம்பு அப்படியே ஒரு பக்கம் சாய்ந்தது. தொட்டிக் கட்டைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். கண்ணைத் திறந்தால் நேராக நிற்கிறேன், மூடினால் ஆடுகிறேன். அடுத்த நாளும் அதே மாதிரி. இரவு படுக்கும்போது கையால் தடவிப் பார்த்தேன். விறைப்பு கணுக்காலைத் தாண்டி மேலே வந்திருந்தது.

டொக்டரிடம் போகத்தான் வேண்டும் என்று அன்றிரவே முடிவெடுத்தேன். அதற்குத் தடையாக மனதில் பல பயங்கள் இருந்தன. பெரிய வருத்தம் ஏதும் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் அங்கே, நான் இங்கே. ஒழுங்கைக்குள் கதை பரவும். தேர், தீர்த்தம் எல்லாம் ஆஸ்பத்திரி வாங்கிலேயே கழிந்துவிடுமோ என்றும் இருந்தது. ஆனால் மேலே ஏறிக்கொண்டு போகிற ஒன்றை, திரும்பிப் போகிற விமானத் திகதி வரை காத்திருக்கச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெளிவாக இருந்தது.

பெறாமகன் மோட்டார்சைக்கிளோடு வந்து நின்றான். "சின்னம்மா, டொக்டரிட்ட போறதுக்கு முதல் ஃபுல் பொடி செக்கப் செய்வம். றிப்போட்டோட போனால் சுகம்." யாழ்ப்பாண ரவுணில் ஒரு லாப். வெறும் வயிற்றோடு காலையில் போனோம். சுத்தமான இடம், பணிவான பிள்ளைகள். இரத்தம் எடுத்த பெண்பிள்ளைக்கு கை அவ்வளவு பதமாக இருந்தது. பின்னேரமே வட்ஸ்அப்பில் றிப்போட் வந்துவிட்டது. கொழுப்பு, ஈரல், சிறுநீரகம், சீனி எல்லாம் ஒழுங்கு. இரும்புச் சத்து கொஞ்சம் குறைவாக இருக்கும் போல, ஹீமோகுளோபின் 11.6 என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். முருங்கையிலைச் சுண்டல் வந்தது. பாமசியில் கேட்டதற்கு போலிக் அமிலம் சேர்ந்த சத்துக் குளிசை ஒரு அட்டை தந்தார்கள்.

அந்தக் குளிசையைத் தொடங்க முதல் டிஸ்பென்சரிக்குப் போனது என் நல்ல காலம். அரச சேவையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெண் டொக்டர், வீட்டின் முன் அறையில் நோயாளிகளைப் பார்க்கிறா. நம்பர் இல்லை, ரிவி இல்லை, வாசலில் சில பிளாஸ்ரிக் கதிரைகள். என்னிடம் றிப்போட்டைக் கேட்க முதல் கதையைக் கேட்டா. எப்போது தொடங்கியது, எந்த விரலில் தொடங்கியது, இரண்டு காலிலும் ஒரே நேரத்திலா, கையில் உண்டா, நாக்கு எப்படி, ஞாபகம் எப்படி. என்ன சாப்பாடு என்று கேட்டா. சின்ன வயதில் இருந்தே சைவம் என்றேன். மெற்போமின் எத்தனை வருடமாக என்று கேட்டா. பத்துக்கு மேல் என்றேன். வயிற்றெரிவுக்குக் குளிசை எடுக்கிறீர்களா என்றா. ஓம், ஒமெப்ரசோல். பேனையை வைத்துவிட்டு, "காலைக் கழுவிப்போட்டு கட்டில்ல ஏறுங்கோ அம்மா" என்றா.

பஞ்சால் தொட்டா, ஊசி முனையால் தொட்டா. ஒலிக்கவையை (தட்டினால் அதிருகிற உலோகக் கவை) தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்டா. இரண்டு பெருவிரலிலும் தெரியவில்லை. முழங்கால் எலும்பில் தெரிந்தது. கண்ணை மூடச் சொல்லிப் பெருவிரலை மேலேயும் கீழேயும் அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டா. நான் சொன்னதில் பாதி பிழை. பிறகு கால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னா. கிணற்றடியில் நடந்தது அந்த அறையிலும் நடந்தது. அவ கையை நீட்டித் தயாராக நின்றதால் விழவில்லை. முகம் கழுவும்போது கண்ணை மூடினால் சாய்வது வைத்தியப் புத்தகங்களில் உள்ள அறிகுறி என்று சொன்னா. கால் எங்கே நிற்கிறது என்ற செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் பலவீனப்பட்டால், கண்தான் அந்த வேலையைச் செய்யும்; கண்ணையும் மூடினால் உடம்புக்கு இடம் தெரியாமல் போய்விடும்.

அதற்குப் பிறகுதான் போனில் இருந்த லாப் றிப்போட்டை வாங்கினா. கொழுப்பையும் சீனியையும் தள்ளிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தா. சிவப்பணுக்களின் சராசரிப் பருமன் 104. மேல் எல்லை 100. இரும்புச் சத்துக் குறைந்தால் அணு சிறுக்கும், இங்கே பெருத்திருக்கிறது. "சீனியாலயும் விறைக்கும் அம்மா. ஆனா சீனிதான் எண்டு முடிவெடுக்க முதல் விட்டமின் பி12 பாக்கவேணும். நீங்கள் கட்டின பக்கேச்சில அது இல்லை." விளக்கமும் சொன்னா. பி12 மரக்கறியில் கிடையாது, முருங்கையிலையிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு. உள்ளே போகிற கொஞ்சத்தையும் உடம்பு உறிஞ்சுவதை மெற்போமின் நீண்ட காலத்தில் குறைக்கும். அமிலத்தைக் குறைக்கிற குளிசை இன்னும் குறைக்கும். போலிக் அமில அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னா. பி12 குறைவாக இருக்கும்போது அதை மட்டும் எடுத்தால் இரத்தச்சோகை தேறினது போலத் தெரியும், நரம்புப் பாதிப்பு சத்தமில்லாமல் தொடரும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட வாங்கவில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் என்னோடு இருந்தா. மானிப்பாய் மண்ணுக்கு இது புதிதில்லை. அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இங்கே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். என் வருத்தத்தை என் பாசையில், ஒன்றையும் சுருக்காமல், அவசரப்படாமல் சொல்லக் கிடைத்தபோது அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

நரம்பு விசயம் என்பதால் பொது வைத்திய நிபுணர் ஒருவரையும் பார்க்கச் சொல்லி டொக்டர் துண்டு எழுதித் தந்தா. ரவுணில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டிப் பார்க்க நம்பர் எடுத்தோம். ஊரில் நிபுணரைப் பார்க்க யாருடைய கடிதமும் கட்டாயமில்லை. போன் எடுத்தால் நம்பர் தருவார்கள். லண்டனில் மாதக்கணக்கில் காத்திருக்கும் எங்களுக்கு அது பெரிய வசதி. கட்டணம் பவுணில் எட்டுவரை வந்தது. ஆனால் ஐந்து மணி என்றார்கள், டொக்டர் அரச ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு வர ஏழாகிவிட்டது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறார்கள். எனக்குப் பிடிக்காதது, ஒரு நோயாளி உள்ளே இருக்கும்போதே அடுத்தவரையும் அறைக்குள் கொண்டுவந்து இருத்துவது. எனக்கு முதல் போன அம்மாவின் கர்ப்பப்பைக் கதை முழுவதும் என் காதில் விழுந்தது. என் முறை வந்தபோது தனியாகப் பேச வேண்டும் என்று நேர்ஸிடம் கேட்டேன். மறுப்பில்லாமல் மற்றவரை வெளியே இருத்தினா. கேட்டால் செய்கிறார்கள், ஆகவே கேளுங்கள்.

நிபுணர் டிஸ்பென்சரித் துண்டை முழுக்க வாசித்தார். தானும் ஒலிக்கவையை வைத்துப் பார்த்தார். பி12, போலேற், தைரொயிட் மூன்றுக்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார். "இரத்தம் எடுத்த உடனேயே ஊசியைத் தொடங்குங்கோ, றிப்போட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றார். நரம்பில் பாதிப்புத் தெரியும்போது ஒவ்வொரு நாளும் பெறுமதியானதாம். சாம்பிள் கொழும்புக்குப் போய்த்தான் முடிவு வந்தது: பி12 மில்லிலீற்றருக்கு 118 பிக்கோகிராம். இங்கிலாந்தில் டொக்டர்மாருக்கு வழிகாட்டல் எழுதுகிற நைஸ் நிறுவனம் 2024இல் வெளியிட்டதன்படி 180க்குக் கீழே என்றால் குறைபாடு உறுதி. ஒன்றுவிட்ட நாள் ஊசி, டிஸ்பென்சரியிலேயே போட்டார்கள். ஊசி போட்டுவிட்டு நல்லூர் வீதிக்கும் போனேன். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். மெதுவாக வந்த வருத்தம் என்பதால்தான் எனக்கு இத்தனை வாசல் ஏற நேரம் இருந்தது. திடீரென்று ஒரு பக்கம் கை கால் பலமிழந்தால், வாய் கோணினால், பேச்சு தடுமாறினால், நெஞ்சு நொந்தால், சலம் போவது கட்டுப்பாடில்லாமல் போனால் லாப்பும் வேண்டாம் சனலும் வேண்டாம். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. 2016இல் தெற்கில் தொடங்கி 2018இல் வடக்குக்கும் வந்தது. விடுமுறையில் போகிறவர்கள் இந்த நம்பரைப் போனில் போட்டு வைத்திருங்கள்.

திரும்பி வருகிறபோது கடதாசிகள் மிக முக்கியம். ஊசி தொடங்க முதல் எடுத்த பி12 றிப்போட்டைப் பொன் போல வைத்திருந்தேன். ஊசி போட்ட பிறகு இரத்தத்தில் அளவு ஏறிவிடும். அதற்குப் பிறகு லண்டனில் எடுத்துப் பார்த்தால் குறைபாடு இருந்த அடையாளமே தெரியாது. ஊரில் மில்லிலீற்றருக்குப் பிக்கோகிராம் என்று போடுகிற இலக்கமும் இங்கே லீற்றருக்கு நனோகிராம் என்று போடுகிற இலக்கமும் ஒன்றுதான், மாற்றத் தேவையில்லை. சீனி மட்டும் வேறு: ஊரில் 126 என்றால் 18ஆல் பிரிக்க வேண்டும், இங்கே 7. நிபுணரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தெந்தத் திகதி என்ற விவரமும் எழுதி வாங்கினேன். காப்புறுதிக்காரர் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் கேட்பார்கள். பயணத்துக்கு முதலே நீரிழிவை அறிவித்திருந்தால்தான் அதுவும் பலிக்கும்.

லண்டன் ஜிபி (குடும்ப டொக்டர்) கடிதத்தை வாசித்துவிட்டு ஊசியைத் தொடர ஒப்புக்கொண்டார். உடம்பு பி12ஐ உறிஞ்சாமல் தடுக்கிற எதிர்ப்பொருள் உண்டா என்றும் பார்த்தார், அது இல்லை. மெற்போமினால் பி12 குறைவது வழமையாக வரக்கூடிய பக்கவிளைவு என்றும், அறிகுறி உள்ளவர்களுக்குச் சோதிக்க வேண்டும் என்றும் 2022 யூனில் இங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் டொக்டர்மாருக்கு அறிவித்திருக்கிறது. ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. குளிசையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். நான் இப்போதும் எடுக்கிறேன், சீனிக்கு அது வேண்டும்.

நாக்கெரிவு முதலில் போனது, பிறகு களைப்பு. கண்ணை மூடி நிற்க முடிகிறது. விரல்களில் விறைப்பு இன்னும் இருக்கிறது; நரம்பு தேற மாதங்கள் எடுக்கும், முழுக்கத் தேறுமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று இரண்டு பக்க டொக்டர்மாரும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறார்கள்.

மாமியும் மெற்போமின்தான், அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மாதாமாதம் இலவசமாக எடுக்கிறா. நான் வெளிக்கிட முதல் அவவையும் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் கொடுக்க வைத்தேன். 240 வந்தது, அது குறைபாடு உண்டு என்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாமல் நடுவில் நிற்கிற இலக்கம். கால் எரிவும் இருப்பதால் டொக்டர் அதைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிவிட்டிருக்கிறா. அடுத்த கிளினிக்குக்குப் பெறாமகன் கூடப் போகிறான்.