மேஜிக்: த கேதரிங் – இரண்டு அட்டைகள் மோதும் இடத்தில் தெரியும் தரம்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டுத் திண்ணையில் பத்தமடைப் பாயை விரித்து, கோடை விடுமுறை முழுவதும் அக்கா மகனுடன் ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் அட்டை விளையாட்டை விளையாடிப் பார்த்தபின் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993-இல் வெளிவந்த இந்த விளையாட்டின் தொடக்கநிலைப் பெட்டியில் தலா 60 அட்டைகள் கொண்ட இரண்டு டெக்குகள் ஆயத்தமாக உள்ளன. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி, கையில் 7 அட்டை என்று அன்றைக்கே விளையாட உட்கார்ந்துவிடலாம். ஓவியங்களிலும் அச்சிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் இரண்டு அட்டைகளின் வாசகங்கள் ஒன்றோடொன்று மோதும்போது விதிகள் எவ்வாறு தீர்ப்பளிக்கின்றன என்பதில்தான் கொடுத்த பணத்துக்கு உரிய மதிப்பை நான் கண்டேன்.

ஒருவர் இறக்கும் மந்திரம் உடனே பலிப்பதில்லை. ‘ஸ்டாக்’ என்னும் அடுக்கில் அது காத்திருக்க, எதிராளி அதன்மேல் தன் மந்திரத்தை வைக்கலாம். இருவரும் நிறுத்திக்கொண்டபின், பந்திக்கு அடுக்கிய தட்டுகளை எடுப்பதுபோல, கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளுடன் வந்த இந்த முறையைப் பிள்ளைகள் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்கள்.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. தனியாக வாங்கிச் சேர்த்த ‘டார்மகாய்ஃப்’ என்னும் உயிரின அட்டையின் வலிமை, எல்லாக் கல்லறைகளிலும் (பயன்படுத்தி முடித்த அட்டைகளும் செத்த உயிரினங்களும் போய்ச் சேரும் குவியல்கள்) கிடக்கும் அட்டைகளில் எத்தனை வகைகள் உள்ளனவோ அந்த எண். அது தாங்கும் அளவு அதைவிட ஒன்று கூடுதல். அன்று கல்லறைகளில் நிலம், ‘சார்சரி’ என்ற இரண்டு வகைகள் மட்டுமே கிடந்தன; ஆகவே அது 2/3, அதாவது வலிமை 2, தாங்கும் அளவு 3. மருமகன் அதன்மீது 3 புள்ளி சேதம் தரும் ‘லைட்னிங் போல்ட்’ அட்டையை வீசிவிட்டு, “மூணு அடி, தாங்குறதும் மூணு, செத்துச்சுல்லா மாமா?” என்று கேட்டான். நானும் சரி என்று அட்டையை எடுத்துவிட்டேன். இரவில் விதிகளை வரி வரியாகப் படித்தபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. அடி விழுந்ததும் சாவு கணக்கிடப்படுவதில்லை. போல்ட் முழுமையாக நிறைவேறி, தானும் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே அந்தச் சோதனை நடக்கிறது. போல்ட் ‘இன்ஸ்டன்ட்’ வகை என்பதால் கல்லறையில் மூன்றாவது வகை சேர்ந்து, உயிரினம் 3/4 ஆகிப் பிழைத்துவிடுகிறது. ஏற்கெனவே அங்கு ஓர் இன்ஸ்டன்ட்டும் ஒரு நிலமும் மட்டும் கிடந்திருந்தால் புதிய வகை எதுவும் சேராது. அது செத்தே இருக்கும். இவ்வளவு நுண்மையான வேறுபாட்டுக்கும் விதியில் ஒரே ஒரு விடைதான் இருக்கிறது என்பது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

இதைவிடக் கடினமானது ‘ஹியூமிலிட்டி’, ‘ஓபலெசன்ஸ்’ என்ற பழைய இணை. முதலாவது எல்லா உயிரினங்களின் திறன்களையும் பறித்து அவற்றை 1/1 ஆக்குகிறது. இரண்டாவது, ‘என்சான்ட்மென்ட்’ என்னும் வகையில் (‘ஆரா’ என்ற உட்பிரிவு நீங்கலாக) உள்ள மற்ற அட்டைகளை உயிரினங்களாக்குவதால், அதே வகையைச் சேர்ந்த ஹியூமிலிட்டியும் உயிரினமாகித் தன் திறனைத் தானே இழக்கிறது. அப்படியானால் அதன் விளைவு நின்றுவிடுமா? நிற்காது. விளைவுகள் ஏழு படிகளில் வரிசையாகக் கணக்கிடப்படுகின்றன; திறன் பறிக்கும் ஆறாம் படியில் தொடங்கிய விளைவு, வலிமையைக் கணக்கிடும் ஏழாம் படியிலும் தொடரும். அங்கே இரண்டில் பிந்தி வந்ததன் எண் நிலைக்கும்: ஹியூமிலிட்டி பிந்தினால் அது 1/1, ஓபலெசன்ஸ் பிந்தினால் அது ஹியூமிலிட்டிக்குத் தரும் எண்ணான 4/4.

பெட்டியிலுள்ள சிறு கையேடு அடிப்படைகளுக்கானது. இத்தகைய கேள்விகளுக்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் முழு விதித்தொகுப்பைத்தான் நாட வேண்டும். அட்டைகள் தமிழில் அச்சாவதில்லை என்பதால், ஆங்கிலம் தயங்காமல் படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்கே இதை வாங்கிக் கொடுங்கள். நாங்கள் அந்த ஏழு படிகளைச் சொல்லும் 613-ஆம் பிரிவை மட்டும் ஜங்ஷனில் அச்செடுத்து, தமிழில் குறிப்பெழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.