கஞ்சாக் கடையும் மூன்று நகரசபைகளும்

ரொறன்ரோவின் வடக்கு எல்லை ஸ்டீல்ஸ் வீதி. ஸ்காபரோப் பக்கம் நின்று பார்த்தால் எதிரே தெரிவது மார்க்கம் நகரம். இரண்டு பக்கமும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கொத்துரொட்டி கிடைக்கும். கஞ்சாக் கடை என்று வந்தால் மட்டும் வீதிக்கு நடுவே ஒரு கோடு. தெற்கே ரொறன்ரோ 2018 டிசம்பரில் கடைகளுக்கு ஓம் என்றது. வடக்கே மார்க்கம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது.

ஒதுங்கியது கடையில் இருந்து மட்டும்தான். மார்க்கத்தில் இருப்பவர் மாகாண அரசின் இணையக் கடையில் வாங்கினால் பொட்டலம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அதை மறிக்க நகரசபைக்கு அதிகாரம் கிடையாது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய எல்லா இடத்திலும் இந்தக் கேள்வி வருகிறது: கடை திறப்பதில் நகரசபையின் கை எவ்வளவு நீளலாம்? ரொறன்ரோவும் மார்க்கமும் இருக்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணம், அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம், மசாசூசெட்ஸ் மாநிலம் மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. எனக்கு எது பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டென்வர். குறை இல்லாமல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒன்ராறியோ நகரசபைகளிடம் கேட்டது ஒரே கேள்வி, கடை வேண்டுமா வேண்டாமா? 2019 ஜனவரி 22க்குள் வேண்டாம் என்று சொல்லாத ஊர்கள் சம்மதித்ததாகக் கணக்கு. அதோடு நகரசபையின் வேலை முடிந்தது. உரிமம் கொடுப்பது மது, சூதாட்டத்தைக் கவனிக்கும் மாகாண ஆணையம். கஞ்சாக் கடைக்கென்று நகரசபை தனி உரிமம் வைக்க முடியாது, இந்த வட்டாரத்தில்தான் திறக்கலாம் என்று பிரிக்கவும் முடியாது. கடை வரப்போகிற கட்டடத்தில் ஓர் அறிவிப்பு தொங்கும். 15 நாளுக்குள் நகரசபையோ அயலவரோ எழுதி அனுப்பலாம். பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும், இளையோர் பாதுகாப்பு, கள்ளச்சந்தைத் தடுப்பு, இவற்றைத் தொட்டு எழுதினால்தான் எடுபடும். 'இந்தத் தெருவில் ஏற்கெனவே நாலு கடை இருக்கிறது' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

தொடக்கத்தில் இது பெரிதாகத் தெரியவில்லை. முதல் 25 கடைகளுக்கான ஆட்களை 2019 ஜனவரியில் குலுக்கல் போட்டுத்தான் எடுத்தார்கள். வியாபார அனுபவம் உள்ளவரா என்றெல்லாம் பார்க்காமல், லொத்தர் விழுந்தவருக்குக் கடை! 2020இல் குலுக்கலை விட்டுவிட்டு எல்லோருக்கும் கதவைத் திறந்தபோது ரொறன்ரோவின் குவீன் வீதி மேற்குப் பக்கம் ஒரு கடையில் இருந்து பார்த்தால் அடுத்த கடை தெரிகிற நிலை வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் இடையே 150 மீற்றர் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கடைக்கும் கடைக்கும் இடையே எவ்வளவு என்று அது ஒன்றும் சொல்லவில்லை.

டென்வர் அந்த இடைவெளியையும் அளந்தது. கொலராடோ வாக்காளர்கள் 2012இல் கஞ்சாவை அனுமதித்தார்கள், 2014 ஜனவரி 1இல் விற்பனை தொடங்கியது. மாநில உரிமம் ஒன்று, நகர உரிமம் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் கடை. பள்ளிக்கூடம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், இன்னொரு கஞ்சாக் கடை, எல்லாவற்றில் இருந்தும் 1,000 அடி, அதாவது சுமார் 300 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தாலே இந்த இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று விண்ணப்பிக்கிறவருக்கே தெரிந்துவிடும். யாரையும் போய்ப் பார்க்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

உரிமம் கையில் இருந்தால் பறிக்கவும் முடியும். ஸ்வீட் லீஃப் என்று அங்கே ஒரு பெரிய கடைத்தொடர் இருந்தது. ஒருவருக்கு ஒரு தடவையில் ஓர் அவுன்ஸ்தான் விற்கலாம் என்பது சட்டம். அங்கே வாங்கியவர் காரில் வைத்துவிட்டுத் திரும்ப வந்து இன்னோர் அவுன்ஸ், பிறகு இன்னொன்று என்று ஒரே நாளில் பல தடவை வாங்கிப் போனார்கள். 'ஒரு தடவைக்குத்தானே வரம்பு, ஒரு நாளைக்கு இல்லையே' என்பது கடைக்காரர்களின் வாதம். 2017 டிசம்பரில் பொலிஸ் சோதனை நடந்த அன்றே நகரம் உரிமங்களை நிறுத்திவைத்தது. 2018 ஜூலையில் 26 உரிமங்களையும் ரத்துச் செய்தது. ஒன்ராறியோவில் எந்த நகரசபைக்கும் இது முடியாது. பறிக்க அதன் கையில் உரிமமே இல்லை.

சரி, குறை? இரண்டு கட்டணம், இரண்டு பரிசோதனை. சின்ன முதலீட்டோடு வருகிறவருக்கு மூச்சு முட்டும். 2016இல் கடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததும் முதலில் வந்து இடம் பிடித்தவர்களின் உரிமம் பொன்னாகிவிட்டது. பழைய போதைப்பொருள் சட்டத்தால் அடிபட்டவர்களுக்கென்று புதிய உரிமங்களை ஒதுக்க 2021 வரை பிடித்தது.

அதே கொலராடோவில் ஊர் முழுக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தது. ஒட்டியிருக்கும் மேனிட்டூ ஸ்பிரிங்ஸ் சின்ன ஊர், அங்கே இரண்டே கடை. பெரிய நகரத்துச் சனம் அங்கே போய் வாங்கியது, வரியும் அந்தச் சின்ன ஊருக்கே போனது. 2024 நவம்பரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் வாக்காளர்களும் ஓம் என்றார்கள்.

மசாசூசெட்ஸ் கதை வேறு. அங்கே மாநில உரிமம் கேட்பதற்கு முன் ஊரோடு ஓர் ஒப்பந்தம் போட வேண்டும். கடையால் ஊருக்கு வருகிற செலவுக்காக மொத்த விற்பனையில் 3 சதவீதம் வரை ஊர் கேட்கலாம். 2018 நவம்பரில் லெஸ்டர் என்ற ஊரில் முதல் கடைகளில் ஒன்று திறந்தபோது கார்கள் வீதியை அடைத்துக்கொண்டு நின்றன. அதைச் சமாளிக்க ஊர் பணம் கேட்டால் நியாயம்தான். ஆனால் செலவைக் காட்டாமலே முழு 3 சதவீதத்தையும் பல ஊர்கள் எழுதி வாங்கின. அதற்கு மேலே நன்கொடை கேட்டவையும் உண்டு.

ஃபோல் ரிவர் நகரத்தில் அது இன்னும் கீழே இறங்கியது. ஊருக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடுவது மேயர். அப்போதைய மேயர் ஜேசியல் கொரேயா 23 வயதில் அந்தப் பதவிக்குத் தெரிவானவர். அந்தக் கையெழுத்துக்காகக் கஞ்சா வியாபாரிகளிடம் பணம் பறித்தார் என்று 2021இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு ஆறு வருடச் சிறை விதித்தது. ஆளின் பேராசை ஒரு பக்கம். விலை எழுதாத ஒரு கடிதத்தை ஒரே ஒருவரின் மேசையில் வைத்த சட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. 2022இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது செலவைக் கணக்கோடு காட்டினால்தான் ஊர் கட்டணம் கேட்கலாம், ஒப்பந்தத்தையும் மாநில ஆணையம் பார்க்கும்.

மறுபடி ஸ்டீல்ஸ் வீதிக்கு வருவோம். மார்க்கம் நகரசபை உறுப்பினர்களைப் பழமைவாதிகள் என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு கோபம் இல்லை. ஒன்ராறியோச் சட்டத்தில் வேண்டாம் என்ற ஊர் பிறகு மனம் மாறலாம்; மிசிசாகா 2023இல் அப்படித்தான் மாறியது. ஓம் என்ற ஊர் திரும்ப வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. இடைவெளி வைக்கவும் முடியாது, உரிமத்தைப் பறிக்கவும் முடியாது, சொன்ன சொல்லை மாற்றவும் முடியாது என்றால், அந்த மேசையில் இருந்து கையைத் தூக்க நானும் யோசிப்பேன்.