என் வால்வ் ஆம்ப்ளிஃபையரின் ஏறிய பஞ்சமம்

கோயம்புத்தூரில் ஒருவர் கையால் செய்து கொடுத்த என் வால்வ் ஆம்ப்ளிஃபையர் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) சர்வீஸ் முடிந்து மறுபடி பாட ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்ததும் நண்பர் பழைய கேள்வியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்: "அதே கோயம்புத்தூர்க்காரர்கிட்ட நானும் ஒண்ணு செய்யச் சொல்லிடவா?" வேண்டாம் என்றேன். "நீ மட்டும் வெச்சிருக்கே?" என்றார். போனில் விளக்கினால் சண்டையில் முடியும் போலிருந்தது. எழுதிவிடுகிறேன்.

பெட்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர்களுக்கு இரண்டு வரி போதும். வால்வில் ஈ.எல். 84 ரகம் நான்கு, ஈ.சி.சி. 83 ரகம் இரண்டு, புஷ்-புல் (சேனலுக்கு இரண்டு வால்வ் எதிரெதிராக நின்று வேலை செய்யும் அமைப்பு), சேனலுக்குப் பத்து வாட் சொச்சம். சர்க்யூட் போர்டே கிடையாது, ஒவ்வொரு வயரும் கையால் பற்றவைத்தது. ட்ரான்ஸ்ஃபார்மர் மூன்றும் செய்தவரே சுற்றியவை. பக்கவாட்டில் தேக்கு. தனியாளாகத் தூக்கினால் மறுநாள் இடுப்பு பேசும்.

இப்போது ஹம்முக்கு, அதாவது பாட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று கேட்கும் இரைச்சலுக்கு, வருகிறேன். இந்தப் பெட்டியைப் பற்றி எனக்கிருக்கும் வருத்தம் எல்லாம் அதுதான்.

வாங்கிய புதிதில் ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் கேட்கும். இரண்டாவது கோடை தாண்டியதும் சோபாவில் உட்கார்ந்தபடியே கேட்டது. சென்னையில் இருப்பதில் ஒரு சௌகரியம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஃபேனோ ஏசியோ ஓடிக்கொண்டிருக்கும், ஹம் அதில் கரைந்துவிடும். மார்கழியில்தான் ஃபேனை நிறுத்துகிறோம். கச்சேரிப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்பதும் மார்கழியில்தான்.

போன சீசனுக்குப் பெரியம்மா வந்திருந்தார். பாட்டு டீச்சர், ரிட்டயர் ஆனவர், காது மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. பழைய கச்சேரி ஒன்றைப் போட்டேன். ஆண் குரல், ஒரு கட்டை சுருதி (பாடகர் தன் 'ஸ'வை வைத்துக்கொள்ளும் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்), தோடி ஆலாபனை. பாடகர் இழுத்து நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்களில் தம்புரா மட்டும் கேட்கும் இல்லையா, அந்த இடம் வரும்போதெல்லாம் பெரியம்மாவின் புருவம் சுருங்கியது. கடைசியில் கேட்டேவிட்டார்: "இந்தத் தம்புராவ யாருடா சுருதி சேர்த்தது? பஞ்சமம் கொஞ்சம் ஏறி இருக்கே." பஞ்சமம் என்றால் 'ப' ஸ்வரம்.

பதிவில் கோளாறு என்று நினைத்துப் பாட்டை நிறுத்தினேன். பாடகர் நின்றார், தம்புரா நின்றது, ஏறிய பஞ்சமம் நிற்கவில்லை. "அட, உன் பொட்டிதான் பாடுதா!" என்று பெரியம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கு போட்டுப் பார்த்தால் பெரியம்மாவின் காது எவ்வளவு துல்லியம் என்று தெரியும். வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை ஒரே திசையில் ஓட வைக்கும் ரெக்டிஃபையர், அலையின் கீழ்ப்பாதியையும் மேலே மடித்துப் போடுவதால், வடிகட்டிய பிறகும் தங்கிவிடுகிற நெளிவு 100 ஹெர்ட்ஸ். ஒரு கட்டையில் ஸட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான 'ஸ', ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஆண் தம்புராவின் பஞ்சமத் தந்தி அதற்குக் கீழே, 98இல் நிற்கும். 98ம் 100ம் சேர்ந்து ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை ஒலி எழும்பி அடங்கும். தம்புரா சேர்க்கிறவர் தந்தியில் மணியை நகர்த்தி நகர்த்தி ஒழிக்கப் பார்ப்பது இந்த அலையைத்தான். ஐந்து கட்டையில் பாடும் பெண் குரல் என்றால் இன்னும் மோசம். அங்கே மந்தர (கீழ் ஸ்தாயி) ஸட்ஜமே 98. ஆதார ஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு திருட்டு ஸட்ஜம். ஒன்றரைக் கட்டையில் இந்தத் தொல்லை அவ்வளவு இல்லை, 100 ஹெர்ட்ஸ் அங்கே பிரதி மத்யமத்துக்கும் (பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் 'ம') பஞ்சமத்துக்கும் நடுவில் எதிலும் ஒட்டாமல் வெறும் இரைச்சலாகக் கிடக்கும். இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். அபஸ்வரத்தை எப்படிப் பொறுப்பது?

(இதில் ஒரு வேடிக்கை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத் தென் மண்டல மின்கட்டத்தை மற்ற மண்டலங்களோடு இணைத்தார்கள். அது முதல் நாடு முழுவதற்கும் ஒரே அலைவரிசை, 49.90க்கும் 50.05க்கும் நடுவில் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். ஆக, டெல்லியில் ஒருவர் வீட்டில் ஹம் செய்கிற பெட்டியும் என் பெட்டியும் அசல் ஒரே சுருதி.)

செய்தவருக்கு போன் போட்டேன். எடுத்தவர் சொன்னது இது: "வால்வு செட்டுன்னா கொஞ்சம் ஹம் இருக்கத்தானுங்க சார் செய்யும். அதுதானுங்க அதோட அழகே."

அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வால்வுக்குள் சிவப்பாக எரிகிற ஹீட்டருக்கு 6.3 வோல்ட் மாறுமின்சாரத்தைத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், அதில் கொஞ்சம் சிக்னலில் கசியும். ஆனால் அப்படிக் கசிவது 50 ஹெர்ட்ஸ். இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சுற்றிக்கொள்ளும் எர்த் லூப் வந்தாலும் முக்கியமாக 50தான். டிடிஹெச் பெட்டியின் கேபிள் வழியாக எனக்கு அது ஒருமுறை வந்து, கேபிளைப் பிடுங்கியதும் போனது. 100 ஹெர்ட்ஸ் என்றால் முதலில் பவர் சப்ளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். இதைச் சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "பார்சல் போட்டு விடுங்க சார், பார்த்துடலாம்" என்றார். கண்ணாடிக் குழாய்கள் வைத்த இந்தக் கனத்தை லாரி பார்சலில் போடுகிற தைரியம் எனக்கில்லை. பிறகு போட்ட போன்களை அவர் எடுக்கவில்லை.

கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் விசாரித்து, வால்வ் ரேடியோ காலத்திலேயே தொழிலுக்கு வந்த ஒரு பெரியவரைப் பிடித்தேன். வீட்டுக்கே வந்தார். பெட்டியைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றியவர் எதையும் தொடவில்லை. பையிலிருந்து ஹோல்டரோடு ஒரு பழைய குண்டு பல்பை எடுத்தார். அதன் இரண்டு வயரையும், மின்சாரத்தின் நெளிவை வடிகட்டும் ஃபில்டர் கபாசிட்டரின் முனைகளில் வைத்தார். பல்பு ஒரு கணம் மங்கலாக எரிந்து அணைந்தது. ப்ளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆகியிருந்தது, அதற்குப் பிறகும் உள்ளே அவ்வளவு மிச்சம். 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற சங்கதி. இதையெல்லாம் அவர் வலது கையாலேயே செய்தார், இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியே இருந்தது. கேட்டதற்கு, "ரெண்டு கையையும் உள்ள விட்டா கரண்ட்டு நெஞ்சு வழியா போவும் தம்பி. இந்தக் கை பின்னாடி இருந்ததாலதான் நான் இன்னும் இருக்கேன்" என்றார்.

குற்றவாளி கிடைக்க நேரமாகவில்லை. அந்த ஃபில்டர் கபாசிட்டர்தான். 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக், தலை லேசாக உப்பியிருந்தது. அது 85 டிகிரி சூடு வரை தாங்கும் ரகம். வைத்திருந்த இடமோ ஈ.எல். 84க்கு இரண்டு விரல் தள்ளி. எரிகிற ஈ.எல். 84ஐ யாரும் விரலால் தொட மாட்டார்கள், அத்தனை சூடு. அதன் பக்கத்தில் சென்னைக் கோடையையும் சேர்த்து அனுபவித்த கபாசிட்டர் உள்ளே காய்ந்து போகாமல் என்ன செய்யும்? மேலிருந்து பார்க்க வரிசை அழகாக இருக்க வேண்டும் என்று செய்தவர் அங்கே வைத்திருக்கிறார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. பெரியவர் 105 டிகிரி ரகத்தை வாங்கி, சேஸிஸுக்கு அடியில் சூடு படாத மூலையில் உட்கார வைத்தார். பிறகு பென்சிலின் மரமுனையால் ஒவ்வொரு வால்வாகத் தட்டினார். ஒரு ஈ.சி.சி. 83 மட்டும் ஸ்பீக்கரில் 'டிங்' என்றது. "இது காது கேக்குது, மாத்திடுங்க" என்றார். தன்மேல் படும் தட்டலையும் அந்த வால்வ் ஒலியாக்கி அனுப்புகிறது என்று அர்த்தம்.

ஸ்பீக்கரில் ஹம் போய்விட்டது. பெரியவரை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அதே தோடியைப் போட்டேன். இன்னும் பஞ்சமம் ஏறியிருந்தது!

இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பெட்டியின் பின்பக்கம், பவர் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்தே வந்தது. மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரும்புத் தகடுகள் இரண்டு முறை நீண்டு சுருங்கும், அதனால் இதுவும் 100 ஹெர்ட்ஸ். ராத்திரி பதினொன்றுக்கு மேல் எங்கள் தெருவில் 230 வோல்ட் 248 வரை ஏறும், அப்போது இன்னும் பலமாக அழும். பெரியவரைத் திரும்பக் கூப்பிட்டேன். போல்ட்டுகளை முறுக்கினார், அடியில் ரப்பர் வாஷர் வைத்தார், பாதி குறைந்தது. "வார்னிஷ் உள்ள வரைக்கும் ஊறல தம்பி. தகடு ஆடுது" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது இங்கேதான். கோயம்புத்தூரில் மோட்டார் காயில் கட்டுகிற சின்னப் பட்டறையில்கூட காயிலை வார்னிஷில் முக்கி ஓவனில் வைத்துக் காய வைக்காமல் வெளியே விடமாட்டார்கள். கிணற்று மோட்டாருக்குக் கிடைக்கிற மரியாதை, இவ்வளவு காசு கொடுத்து நான் வாங்கிய சங்கீதப் பெட்டிக்குக் கிடைக்கவில்லை. தேக்குப் பலகைக்குச் செலவழித்த வார்னிஷில் கொஞ்சத்தை ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் கொடுத்திருக்கலாம். வோல்ட்டேஜைக் கட்டிப் போடலாம் என்று ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கினேன். அதுவும் ஹம் செய்கிறது. சுருதியைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற குறைகள் சாதாரணம். பாடினாலும் பாடாவிட்டாலும் தொண்ணூறு வாட் அருகே இழுத்து அறையைச் சூடாக்கும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் பொதபொதவென்று கேட்கும். எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிடார் விளிம்பு மழுங்கும். இதற்கெல்லாம் ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்தான் சரி.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறேன்?

வால்வ் ரசிகர்கள் சொல்கிற காரணத்தை நான் சொல்ல மாட்டேன். வால்வ் இரட்டைப்படை ஹார்மானிக்ஸ் (மூல ஒலியின் இரண்டு, நான்கு மடங்கில் கூடவே எழும் துணை ஒலிகள்) தரும், அதனால் இனிமை என்பார்கள். இரண்டாம் ஹார்மானிக் என்பது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, கலந்தாலும் உறுத்தாது, வாஸ்தவம். ஆனால் புஷ்-புல் அமைப்பின் கடைசிக் கட்டத்தில் இரட்டைப்படையெல்லாம் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது மூன்றாவது. அது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். (இந்தப் பெட்டிக்குப் பஞ்சமத்தின் மேல் அப்படி என்ன மோகமோ.) நான் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆம்ப்ளிஃபையரும் என் ஸ்பீக்கரும் ஒத்துப்போகிற விதத்தால் வருவதாகத்தான் இருக்க வேண்டும். வேறு ஸ்பீக்கரில் இதே பெட்டி சுமாராக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் சத்தத்தை மிகக் குறைத்து வைத்து வீணை கேட்கும்போது நடப்பதை என்னால் இப்படிக் கழித்துக் கட்ட முடியவில்லை. ஒரு மீட்டு. அந்த ஒரே மீட்டில் விரல் மெட்டின்மேல் தந்தியை இழுத்து மூன்று ஸ்வரம் பேச வைக்கிறது. ஒலி தேய்ந்துகொண்டே போகிறது. என் பழைய ட்ரான்சிஸ்டர் செட்டில் இரண்டாவது ஸ்வரத்தோடு எனக்குப் பிடி விட்டுப்போகும், சத்தத்தைக் கூட்டத் தோன்றும். இதில் மூன்றாவதும் கேட்கிறது, அதற்குப் பிறகு விரல் தந்தியிலேயே சறுக்கித் திரும்புகிற அந்தச் 'சரக்'கும் கேட்கிறது. பழைய மோனோ பதிவுகளில் பக்கவாத்திய வயலின்காரர் வில்லைத் திருப்பும் இடம் தெரிகிறது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில், முழுக் கச்சேரி கேட்க முடிகிறது. இதற்காகத்தான் நான் வாங்கினேன் என்று சொல்ல ஆசை, ஆனால் வாங்கும்போது இது எனக்குத் தெரியவே தெரியாது. வால்வின் வெளிச்சம் பார்க்க நன்றாக இருந்தது, வாங்கினேன்.

நண்பருக்கு என் தீர்ப்பு இதுதான்: வாங்க வேண்டாம். கையால் செய்த பொருள் என்றால் செய்தவர் போனை எடுக்க வேண்டும், அதில்லாமல் தேக்கும் கைவேலையும் எனக்கு எதற்கு? நீங்கள் ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டைப் பாடகர்களை மட்டுமே கேட்பவர் என்றால் யோசிக்கலாம். மீறி வாங்குவதாக இருந்தால் நேரில் போங்கள். ராத்திரியில் போங்கள். ஃபேனை நிறுத்தச் சொல்லி, வால்யூமை அடியோடு குறைத்து, முதலில் ஸ்பீக்கரிலும் பிறகு ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலும் காதை வையுங்கள். ஃபில்டர் கபாசிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

வால்வ் விலையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 1953இல் பிலிப்ஸ் கொண்டுவந்த இந்த ஈ.எல். 84 ஒரு காலத்தில் வீட்டு ரேடியோக்களில் சர்வசாதாரணம், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸே செய்தது. இன்று ரஷ்யாவின் சரடோவ், ஸ்லோவாகியா, சீனா என்று விரல்விட்டு எண்ணுகிற இடங்களில்தான் செய்கிறார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கி ரஷ்ய வால்வ் வரத்து தடைப்பட்டபோது விலை எகிறியது, எனக்கு நினைவிருக்கிறது. பெரியவரிடம் ஒரு பழைய பெங்களூர் ஜோடி பெட்டி பிரிக்காமல் இருக்கிறதாம். விலையைச் சொல்ல யோசிக்கிறார். 'டிங்' என்ற ஈ.சி.சி. 83ஐயும் மாற்ற வேண்டும், சனிக்கிழமை போகும்போது இரண்டையும் சேர்த்துப் பேசிவிட்டு வருகிறேன்.